மிஷினுக்கு எண்ணெய் வச்ச வெள்ளிக்கிழமை

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். தொரை பங்களாவுல துணி தோய்க்கிற மிஷினைச் சுத்தம் பண்ணணும்.

அவ்வளவுதாங்க. ஒரு மிஷின், ஒரு வாளி தண்ணி, துடைக்க ஒரு பழந்துணி. இதை வச்சு ஒருத்தி தோட்டத்தையே வாளியும் கையுமா ஓடி வர வைக்க முடியுமான்னு கேப்பீங்க. முடியும். நான் செஞ்சு காட்டியிருக்கேன்.

எங்க தோட்டம் பசறைக்கு மேல. அப்ப இந்தப் பக்கம் ரயில் பண்டாரவளையோட நின்னுரும். நான் முதல்ல கொழுந்து பறிச்சவ. மூணு வருஷம் மலையில நின்னேன். மழை தாங்கிருவேன், கூடை தாங்கிருவேன், கங்காணி வாயைக்கூடத் தாங்கிருவேன். இந்த அட்டை இருக்கே, அது மட்டும் ஆகவே ஆகாது! கால்ல ஒரு அட்டை ஏறினா நான் போடுற சத்தம் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேக்கும்.

"பவளம் கத்துறா, மணி பத்தாயிருச்சு"ன்னு நேரம் பாக்குற அளவுக்கு ஆகிப்போச்சு.

அப்படி இருக்கையில பங்களாவுல துணி தோய்ச்சுக்கிட்டு இருந்த அக்கா ஊருக்குப் போயிட்டாங்க. அந்த வேலை எனக்குக் கிடைச்சுச்சு. சந்தோஷத்துல நான் ராசாத்தி மாதிரி நடந்து போனேன். கங்காணி மட்டும் பின்னால இருந்து கூப்புட்டுச் சொன்னாரு:

"ஏ பவளம்! அங்க ஒரு தப்புப் பண்ணு, மறுநாள் விடிய ஆள் பிரிக்கிற பெரட்டுல உன் பேரு கூப்புடுவேன். எந்த மலைன்னு தெரியுமா? ஆத்தோரத்து மலை!"

ஆத்தோரத்து மலையில தேயிலையை விட அட்டைதான் அதிகம்.

இப்ப மிஷினைப் பத்திச் சொல்லிர்றேன். சீமையிலருந்து கப்பல்ல வந்து, ரயில்ல வந்து, பண்டாரவளையிலருந்து மாட்டு வண்டியில வந்தது. மரத்தொட்டி ஒண்ணு, அதுக்கு நாலு காலு. மேல ஒரு மூடி. மூடிக்கு மேல பல்லுப் பல்லா ரெண்டு சக்கரம், ஒரு கைப்பிடி. கைப்பிடியைச் சுத்தினா உள்ள இருக்கிற மரக்கை துணியைப் புரட்டி அடிக்கும். பக்கத்துல துணி பிழிய ரெண்டு ரப்பர் உருளை. அம்புட்டுத்தான். கொழுந்துக்கூடை தூக்கினவளுக்கு அதைச் சுத்துறது ஒரு வேலையே இல்ல.

ஆனா எங்க வீட்டுக்காரர் கருப்பையா இருக்காரே, அவருக்கு ஸ்டோர்ல வேலை, தோட்டத்துத் தேயிலை ஆலைதான். தேயிலை அரைக்கிற பெரிய பெரிய மிஷினுக்கெல்லாம் எண்ணெய் விடுறது அவர்தான். எனக்கு மிஷின் வேலை கிடைச்சுச்சுன்னு சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சாரு.

"அம்மியைத் தவிர ஒரு மிஷினும் உனக்குத் தெரியாதேடி!"

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். என்ன ஆனாலும் சரி, மிஷினைப் பத்தி இந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதில்ல. இதை ஞாபகம் வச்சுக்குங்க.

வியாழக்கிழமை சாயங்காலம் தொரையோட சம்சாரம், தொரைசானி, என்னைக் கூப்புட்டாங்க. நல்ல மனசு அவங்களுக்கு. தமிழ் பேசணும்னு ரொம்ப ஆசை. தினமும் காலையில கணக்கப்பிள்ளை வந்து சொல்லிக் குடுப்பாரு. அந்த மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். "தொரைசானி தமிழ் எங்க தமிழை விட நல்லாருக்கு"ன்னு சொல்லி வச்சுட்டாரு. அவங்களும் நம்பிட்டாங்க. நானும் நம்பிட்டேன்.

"பவளம்," தொரைசானி ஒவ்வொரு வார்த்தையா எடுத்து வச்சாங்க. "சனிக்கிழமை தொரை பதுளையில பந்து ஆடணும். வெள்ளை உடுப்பு வேணும். நாளைக்கு, வெள்ளிக்கிழமை, நீ தோய்க்கணும்."

"சரிங்க தொரைசானி."

"முன்னால மிஷின் சுத்தம். மிஷின் குளிக்கணும். அப்புறம்..." வார்த்தை வரல. மூடிக்கு மேல இருக்கிற சக்கரத்தைக் காட்டணும், அதுக்குத் தமிழ் தெரியல. தன் தலையைத் தொட்டுக் காட்டினாங்க. "மிஷின் தலை. தலைக்கு நல்ல எண்ணெய் வைக்கணும். கொஞ்சம்."

நீங்களே சொல்லுங்க. வெள்ளிக்கிழமை. குளியல். தலைக்கு நல்லெண்ணெய். இதைக் கேட்டா உங்களுக்கு என்ன தோணும்? எனக்கும் அதேதான் தோணுச்சு.

வெள்ளிக்கிழமைதானே நம்ம பொம்பளைங்க எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற நாளு! தொரைசானி நாள் பாத்துல்ல சொல்றாங்க! எனக்கு ஒரே மரியாதையாப் போச்சு அவங்க மேல. "நல்ல"ன்னு சொல்லி ஒரு மூச்சு விட்டு "எண்ணெய்"னு சொன்னாங்கதான். வெள்ளைக்காரங்க வாயி, ஒட்டிச் சொல்ல வராதுன்னு நான் விட்டுட்டேன்.

ஒண்ணு மட்டும் இடிச்சுச்சு. முதல்ல குளிக்கணும், அப்புறம் எண்ணெய்னு சொன்னாங்களே? பாவம், அவங்க ஊர்ல எண்ணெய்க் குளியல் ஏது? வரிசை மாறிப்போச்சு. எண்ணெய் வச்சுட்டுத்தானே குளிக்கணும்! நானே அதைச் சரி பண்ணிக்கிட்டேன். கெட்டிக்காரி இல்லையா!

குசினியில அந்தோணியண்ணன் கோழி வெட்டிக்கிட்டு இருந்தாரு. பங்களாவுக்குச் சமையல் அவர்தான்.

"அண்ணே, நாளைக்கு மிஷினுக்கு எண்ணெய்க் குளியல். கொஞ்சம் கணப்புக் கரி எடுத்து வைங்க."

"மிஷினுக்கா? வெள்ளிக்கிழமையா? அப்ப மிஷின் பொம்பளையா?"

"விடிஞ்சதுலருந்து அடுத்தவங்க துணியைத் தோய்க்குது. யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்றதில்ல. பொம்பளையா இல்லாம வேற என்னவாம்?"

அந்தோணியண்ணன் கத்தியைக் கீழ வச்சுட்டு யோசிச்சாரு. "நியாயந்தான்"னாரு.

ராத்திரி சோத்துக்கு முன்னால எங்க லயத்து வீட்டுல தீபாவளிக்குன்னு வச்சிருந்த நல்லெண்ணெய் போத்தலை எடுத்து முந்தானையில மறைச்சு வச்சேன். வீட்டுக்காரர் கண்ணுல பட்டுருச்சு.

"எதுக்குடி போத்தலு?"

"பங்களா விஷயம். உங்களுக்கு எதுக்கு?"

"அதுக்கில்ல..."

"உங்களுக்கு எதுக்குன்னேன்!"

மனுஷன் சோத்துத் தட்டு முன்னால போய் உக்காந்துட்டாரு. ஒரே ஒரு கேள்வி. மிஷினுக்கு எந்த எண்ணெய்னு நான் அவர்கிட்டக் கேட்டிருந்தா இந்தக் கதையே இல்ல.

விடிஞ்சுச்சு. நமுனுகுல மலையிலருந்து இறங்கின பனி பங்களாவைச் சுத்திக் கிடந்துச்சு. இந்தக் குளிருல பச்சை எண்ணெய் வச்சா ஆகுமா? அந்தோணியண்ணன் அடுப்புல எண்ணெயைக் காய்ச்சினேன். நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் தட்டிப் போட்டேன். சளி புடிக்கக் கூடாது பாருங்க.

மிஷின் இருக்கிற பின்கொட்டகையில, சுவரோரமா மூக்கு நீண்ட ஒரு தகரக் குப்பி எப்பவும் இருக்கும். உள்ள கறுப்பா என்னவோ ஒரு எண்ணெய். மோந்து பாத்தேன். ஐயோ, என்ன நாத்தம்! இது தப்பித் தவறி மிஷின் மேல கொட்டிரக் கூடாதேன்னு எடுத்துத் தூரமா, விறகுக்குப் பின்னால வச்சேன். எம்புட்டுப் பொறுப்பு பாருங்க எனக்கு!

அப்புறம் ஆரம்பிச்சேன்.

தலைக்கு வச்சேன். சக்கரத்துப் பல்லுல ஒவ்வொண்ணாத் தேய்ச்சேன். "கொஞ்சம்"னு தொரைசானி சொன்னது ஞாபகம் இருந்துச்சு. அது அவங்க கூச்சத்துக்குச் சொல்றது. தலைக்கு மட்டும் வச்சுட்டு உடம்பை விட்டா யாருக்கு நல்லது? தொட்டிக்கு வச்சேன். உள்ள இருக்கிற மரக்கைக்கு வச்சேன். உருளை ரெண்டையும் சூடு பறக்கத் தேய்ச்சு விட்டேன். நாலு காலுக்கும் வச்சேன். மரம் குடிச்சுச்சு பாருங்க எண்ணெயை, போத்தல்ல ஒரு சொட்டு மிச்சமில்ல.

அரை மணி நேரம் ஊற விட்டேன். அது பாட்டுக்கு மினுமினுன்னு நின்னுச்சு. கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கேன்னு நானே கன்னத்தைக் கிள்ளினேன். மூடியைத்தான்.

அப்புறம் சீயக்காய். சோத்துக் கஞ்சியில கரைச்சு ஒரு சட்டி நிறைய ஊத்திக் கைப்பிடியைச் சுத்தினேன். நுரை பொங்கிப் பொங்கி வந்துச்சு. அடி ஓட்டையைத் திறந்து விட்டு, ஊத்துலருந்து வர்ற பீலித் தண்ணி புடிச்சு அலசினேன். அன்னிக்குன்னு பாத்துப் பீலியில தண்ணி நூலா வருது. ரெண்டு வாளிதான் கிடைச்சுச்சு. உள்ள அடியில கொஞ்சம் சீயக்காய் தங்கியிருந்துச்சு. இருந்தா என்ன, வாசமாத்தானே இருக்கும்!

"பவளம்!" உள்ளருந்து தொரைசானி குரல். "உடுப்புப் போட்டாச்சா? வெயில் போகும்!"

"இதோ போட்டுட்டேங்க தொரைசானி!"

தொரையோட வெள்ளைக் கால்சட்டை ரெண்டு, வெள்ளைச் சட்டை மூணு, எல்லாத்தையும் உள்ள போட்டு, வெந்நி ஊத்தி, சவுக்காரம் சீவிப் போட்டு மூடினேன்.

ஆனா மனசு கேக்கல. எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச ஈரத்தலையோட யாரையாவது வேலை வாங்குவமா? அதுவும் இந்தக் குளிருல? ஒரு சட்டியில அந்தோணியண்ணன் குடுத்த கரியைப் போட்டு, மேல ஒரு கை சாம்பிராணியைத் தூவி, மிஷின் காலுக்கு நடுவுல தள்ளி விட்டேன். ஒரு கையால விசிறி. இன்னொரு கையால கைப்பிடி.

இப்ப நினைச்சாலும் சொல்றேன், அந்த நிமிஷம் நான் ரொம்பச் சந்தோஷமா இருந்தேன். வேலை சுத்தம். வாசனை சொர்க்கம். அட்டை இல்லாத வாழ்க்கை.

சாம்பிராணி நல்ல சாம்பிராணி. அதுதான் தப்பாப் போச்சு. எண்ணெய் சொட்டிச் சொட்டிக் கரியில விழுந்து அதுவும் சேந்து புகைய ஆரம்பிச்சுச்சு. கொட்டகை நிரம்பி, கூரை வழியாப் புகை மேல போகுது. எனக்கு எதிர்ல இருக்கிற கைப்பிடியே தெரியல. கண்ணை மூடிக்கிட்டுச் சுத்துறேன்.

அந்த நேரம் பாத்து மலையிலருந்து குதிரையில வந்துக்கிட்டு இருந்த தொரை மேல பாத்திருக்காரு.

"நெருப்பு! பங்களா நெருப்பு!"

அவ்வளவுதான். ஸ்டோர்ல மணி அடிச்சாங்க. ஆளுங்க வாளியைத் தூக்கிக்கிட்டு ஓடி வாறாங்க. எனக்கு உள்ள ஒண்ணும் தெரியல. "எங்கயோ நெருப்பாம், பாவம்"னு நினைச்சுக்கிட்டு இன்னும் வேகமா விசிறுறேன்.

சடார்னு ஒரு வாளித் தண்ணி என் மூஞ்சியில அடிச்சுச்சு. ரெண்டாவது வாளி கரிச்சட்டியில. புஸ்ஸுன்னு அடங்கிச்சு.

புகை விலகினப்ப பாத்தா, முன்னால வாளியோட எங்க வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால தொரை. தொரைக்குப் பின்னால தொரைசானி, கணக்கப்பிள்ளை, அந்தோணியண்ணன், ஸ்டோர் ஆளுங்க பத்துப் பன்னண்டு பேரு. கங்காணியும் இருந்தாரு. அவர் இல்லாமலா!

"என்னடி பண்ற?" வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குது.

"தலை காய வைக்கிறேன்."

"யாரு தலையை?"

"மிஷின் தலையை."

வீட்டுக்காரர் மெதுவா ஒரு விரலால மிஷினைத் தொட்டாரு. மோந்து பாத்தாரு. எங்க தீபாவளி அவருக்கு வாசத்துலயே தெரிஞ்சு போச்சு.

தொரை வந்து மூடியைத் திறந்தாரு. ஒரு குச்சியை விட்டுத் தன் கால்சட்டையைத் தூக்கினாரு. வெள்ளையாப் போட்டேங்க, சத்தியமா. வந்தது கசாயக் கலர்ல. சீயக்காய் குடிச்சு, எண்ணெய் குடிச்சு, நடுவுல ஒரு மிளகு வேற ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

கங்காணி என்னைப் பாத்துத் தலையை மட்டும் ஆட்டினாரு. எனக்கு ஆத்தோரத்து மலை தெரிஞ்சுச்சு. கெண்டைக்கால்ல இப்பவே என்னவோ ஊருற மாதிரி இருந்துச்சு. அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு.

"மலைக்கு மட்டும் அனுப்பிராதீங்க தொரை! தொரைசானி சொன்னதைத்தான் செஞ்சேன்! ஒரு வார்த்தை விடாமச் செஞ்சேன்!"

தொரை திரும்பித் தொரைசானியைப் பாத்தாரு. "நீ என்ன சொன்ன?" அதைத் தமிழ்லயே கேட்டாரு, எங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி.

தொரைசானி நிமிந்து நின்னாங்க. "சரியாச் சொன்னேன். தலைக்கு, நல்ல எண்ணெய் வை."

தொரை இருபது வருஷமா மலையில ஆளுங்களோட தமிழ் பேசுறவரு. அவர் மீசை லேசா ஆட ஆரம்பிச்சுச்சு. வாயைக் கையால பொத்திக்கிட்டுச் சுவத்துப் பக்கம் திரும்பிட்டாரு. தோள் ரெண்டும் குலுங்குது. அழுறாரோன்னு நினைச்சேன்.

"அங்க ஒரு குப்பி இருந்துச்சே?" தொரைசானி என்கிட்டக் கேட்டாங்க. "மிஷின் எண்ணெய்! அது எங்க?"

"அதுங்களா? விறகுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கேன். அது கெட்ட எண்ணெய் தொரைசானி. ஒரே நாத்தம். நீங்கதான் நல்லெண்ணெய் வைக்கச் சொன்னீங்களே!"

தொரைசானி கணக்கப்பிள்ளையைப் பாத்தாங்க. கணக்கப்பிள்ளை கூரையைப் பாத்தாரு.

"கணக்கப்பிள்ளை. நல்ல எண்ணெய், நல்லெண்ணெய். ரெண்டும் வேறயா?"

"வேறதான் தொரைசானி. கொஞ்சம் வேற."

"நல்லெண்ணெய் நல்ல எண்ணெய் இல்லையா?"

"நல்லெண்ணெய் நல்ல எண்ணெய்தாங்க தொரைசானி. ஆனா நல்ல எண்ணெய் எல்லாம் நல்லெண்ணெய் இல்லைங்க."

தொரைசானி ஒரு காலி வாளியைக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்துட்டாங்க. மூஞ்சி செவந்து போச்சு. எனக்கு என் பயத்தை விட அவங்களைப் பாத்துத்தான் பாவமா இருந்துச்சு. ஊர் முன்னால அவங்க தமிழ் இப்படி வழுக்கி விழுந்துருச்சே!

"உங்க தமிழ் நல்ல தமிழ்தாங்க தொரைசானி," நான் மூக்கைச் சிந்திக்கிட்டே சொன்னேன். "எனக்கு நல்லாவே புரிஞ்சுச்சு."

அதைக் கேட்டதும் தொரை சுவத்தை விட்டுட்டு வெளிய ஓடிட்டாரு. தேயிலைச் செடிக்கு நடுவுல நின்னு அவர் சிரிச்ச சிரிப்புல குதிரையே மிரண்டுச்சு. கொஞ்ச நேரம் பாத்துட்டுத் தொரைசானியும் சிரிச்சுட்டாங்க. அப்புறந்தான் கங்காணி சிரிச்சாரு. அவர் எப்பவும் தொரை சிரிச்சப்புறந்தான் சிரிப்பாரு.

என்னை மலைக்கு அனுப்பல. ஆனா அந்த உடுப்பை அஞ்சு தடவை கையால தோய்ச்சேன். எண்ணெய் போச்சு, மிளகு போச்சு, கலர் மட்டும் பால் ஊத்தின தேத்தண்ணி அளவுக்கு வந்து நின்னுக்கிச்சு. தொரை அதையே போட்டுக்கிட்டுப் பதுளைக்குப் போனாரு. அங்க பக்கத்துல நின்ன இன்னொரு தொரை மோந்து பாத்துட்டு, "கோயிலுக்குப் போயிட்டு வர்றியா?"ன்னு கேட்டாராம். அந்தோணியண்ணன் மேசைக்குச் சாப்பாடு வைக்கையில காதுல விழுந்த சேதி.

மிஷினைப் பிரிச்சுத் துடைச்சுச் சரி பண்ண எங்க வீட்டுக்காரரைத்தான் விட்டாங்க. ஒரு நாள் பூரா எனக்குப் பாடம் நடத்தினாரு.

"இங்க பாரு, சக்கரத்துக்கு ரெண்டு சொட்டு. எத்தனை?"

"ரெண்டு."

"உருளைக்கு?"

"ஒண்ணும் கிடையாது. துடைச்சுட்டு, திருகைத் தளத்தி விடணும்."

"தொட்டி?"

"அலசி, மூடியைத் திறந்து வச்சுக் காய விடணும்."

"சாம்பிராணி?"

அன்னிக்கு ராத்திரி அவருக்கு ரசம் மட்டுந்தான்.

திங்கக்கிழமை கொட்டகைக்குப் போனா, அந்த மூக்கு நீண்ட குப்பி திரும்ப மிஷின் பக்கத்துல வந்து உக்காந்திருந்துச்சு. மேல ஒரு காகிதம் ஒட்டி, அதுல குண்டு குண்டாத் தமிழ் எழுத்து. தொரைசானி கையெழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியாது. அந்தோணியண்ணனைக் கூப்புட்டேன். எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிச்சாரு.

"கெட்ட... எண்ணெய்."

அன்னியிலருந்து எங்க பங்களா மிஷின் கெட்ட எண்ணெயிலதான் நல்லா ஓடுது.